எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேளுங்கள்

சென்ற பிப்ரவரியில் எனக்கு மதுரையில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. வயது 56. மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு. நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, காலிலிருந்து எடுத்த நாளத்தையும் மார்பின் உட்புறத் தமனியையும் கொண்டு மாற்றுப்பாதை அமைத்து, பிளந்த எலும்பை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டி மூடினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, ‘தினமும் நடைப்பயிற்சி, படிப்படியாக’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை வீட்டுக்குள் நிறைவேற்ற எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்வதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. இடையில் ஒரு கருவியைத் தவறாக வாங்கி, முன்கையில் பத்து நாள் இரத்தக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைப்பதை எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்குள் ஏன் என்று சிலர் கேட்டார்கள். நோய் வருவதற்கு முன்பு நான் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதே தெரு வேறு தெருவாகத் தெரிந்தது. நாய் குரைத்தால் உடம்பு தானாகத் திடுக்கிட்டுத் திரும்பும். திரும்பியவுடன் நெஞ்சில் சுரீர் என்று வலிக்கும். பின்னால் வரும் இருசக்கர வண்டி உரசிவிடுமோ என்று கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது நடையாக இருப்பதில்லை. ஏப்ரல் பிறந்ததும் காலை ஏழு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்தது. வெப்பத்தில் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த வேளையில் வெளியே நடப்பதை மருத்துவரே தவிர்க்கச் சொன்னார்.

உறவினர்கள் இரண்டு விதமாக ஆலோசனை சொன்னார்கள். ஒன்று, ‘பேசாமல் ஓய்வெடு.’ இதை அதிகம் சொன்னவர் என் அம்மா. அதற்குக் காரணம் இருந்தது. பேருந்து ஓட்டுநராக இருந்த என் அப்பாவுக்கு 1970களின் கடைசியில் மாரடைப்பு வந்தபோது, வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடாமல், சாப்பாட்டைக்கூட ஊட்டி விட்டுத்தான் அவரை அம்மா காப்பாற்றினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மருத்துவர்களும் ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லிவந்தார்கள். 1952இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய துணிச்சலாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் ஜெர்ரி மோரிஸ் வெளியிட்ட ஆய்வு, மாடிப் பேருந்தில் நாள் முழுதும் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததைக் காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அசைவே இல்லாத வேலை கெடுத்த உடம்பை அசைவே இல்லாத ஓய்வால் சரிசெய்யப் பார்த்திருக்கிறோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது ஆலோசனை, ‘வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சி, தனியாக மெஷின் எதற்கு’ என்பது. இதைப் பெண்களுக்கு மட்டுமே சொல்வார்கள். நானும் பாதி நம்பியிருந்தேன். ஆனால் வீட்டு வேலை எப்படி வருகிறது என்று பாருங்கள். பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, நிறைந்த வாளியை நகர்த்துவது என எல்லாமே திடீரென்று வரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யப்படும், கையை முதன்மையாகக் கேட்கும். மூச்சை அடக்கி ஒரு பாரத்தைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. நிறைகுடம் ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். நெஞ்செலும்பு நன்றாகக் கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதால் எனக்குச் சொல்லப்பட்ட வரம்போ மூன்று கிலோ. இதயத்துக்கு வேண்டியது மெதுவாகத் தொடங்கி, சீராக ஏறி, சிறிது நேரம் ஒரே அளவில் நின்று, மெதுவாக இறங்கும் உழைப்பு. சமையலறையில் அப்படி ஒரு வேலை கிடையாது.

ஏப்ரல் முதல் வாரத்தில், பெங்களூரில் இருக்கும் என் மகன் இணையத்தில் ஒரு டிரெட்மில்லை வாங்கி அனுப்பிவிட்டான். அன்பினால் செய்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தவை 4 குதிரைத்திறன் மோட்டார், மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம் ஆகிய இரண்டும். எனக்கு அப்போது எட்டாவது வாரம். மருத்துவரிடம் கேட்கவில்லை, நடைதானே, தெருவில் நடப்பதை இதில் நடக்கப்போகிறோம் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் காலை, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. பட்டை நின்றது; என் உடம்பு நிற்கவில்லை. முன்னால் சாய்ந்து கைப்பிடியில் விழுந்தேன். இரண்டு கைகளாலும் என் எடையைத் தாங்கிய அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்தது போல இருந்தது. கம்பி விட்டுவிட்டது என்றே நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவருக்குச் சிறிய இடி பட்டாலும் தோலுக்கடியில் இரத்தம் பரவும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கருநீலமாகிவிட்டது.

அதன் பிறகுதான் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நடந்ததைக் கேட்டுவிட்டு, “அம்மா, இனிமே எந்த மெஷினைப் பார்த்தாலும் எவ்வளவு வேகமாப் போகும்னு கேக்காதீங்க, எவ்வளவு மெதுவாப் போகும்னு கேளுங்க. ஏறுறது எப்படி, இறங்குறது எப்படி, நிறுத்துனா எப்படி நிக்கும், இதை மட்டும் பாருங்க” என்றார். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பதும் இந்த ஒன்றைத்தான். விற்பவர்கள் கருவியின் உச்சத்தைக் காட்டி விற்கிறார்கள். அந்த உச்சத்துக்கு நாம் ஒருநாளும் போகப் போவதில்லை. நம் நாட்கள் முழுவதும் அதன் அடிமட்டத்தில்தான் கழியும். அந்த அடிமட்டம் எப்படி இருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது டிரெட்மில்லைப் பற்றி நிறையப் புரிந்தது. மிகக் குறைந்த வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டரோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும், வேகம் கூடும்போது 0.1 என்ற அளவில் கூட வேண்டும். கைப்பிடி முன்னால் மட்டும் இருந்தால் போதாது. இரு பக்கமும் இடுப்பளவில் நீண்டு வர வேண்டும். தரையிலிருந்து பட்டை எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். சில கருவிகளில் அது ஒரு மாடிப்படி உயரத்துக்கு இருக்கிறது. உடல் தளர்ந்தவர்களின் நடை பக்கவாட்டில் தள்ளாடும் என்பதால் பட்டை அகலமாக இருப்பது நல்லது. மோட்டாருக்கும் வேகமான ஓட்டத்தைவிட மெதுவான நடையில்தான் சில நேரம் சிரமம் அதிகம்: காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் மலிவான மோட்டார் தயங்கித் தயங்கி இழுப்பதைப் பாதத்திலேயே உணரலாம். பெட்டியில் போட்டிருக்கும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும். சட்டையில் மாட்டிக்கொள்ளும், பிடுங்கினால் கருவியை நிறுத்திவிடும் சிவப்புச் சாவியை எல்லாரும் மாட்ட வேண்டும்தான். ஆனால் அது நம்மைக் காப்பது நாம் பின்னால் வழுக்கிப் போகும்போது. மின்வெட்டுக்கு அதனிடம் பதில் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் டிரெட்மில்லை ஓட்டவும் முடியாது. மின்சாரம் சொல்லாமல் போகும் ஊரில், நெஞ்செலும்பு கூடாத ஒருவருக்கு, இது ஒன்றே அந்தக் கருவியை விலக்கி வைக்கப் போதுமான காரணம் என்பது என் முடிவு.

மே மாதம், மூன்று மாதம் முடிந்த பிறகு, மருத்துவமனையில் டிரெட்மில் பரிசோதனை செய்தார்கள். அங்கே பின்பற்றுவது 1963இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்தான். கேட்பதற்கு ஆமை நடை. ஆனால் பட்டை பத்து விழுக்காடு ஏற்றமாகச் சாய்ந்திருக்கும். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், ஏற்றம் 12 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தின் நடுவில் கால் ஓய்ந்து நிறுத்தச் சொன்னேன். இசிஜியில் கோளாறு எதுவும் இல்லை. உழைப்பை ‘மெட்’ என்ற அலகில் கணக்கிடுகிறார்கள்: சும்மா உட்கார்ந்திருக்க உடம்புக்கு ஆகும் செலவு ஒரு மெட். சமதரையில் நிதானமாக நடப்பது சுமார் மூன்று மெட். என்னால் ஐந்துக்குச் சற்று மேல் முடிந்தது. ஆகவே வீட்டில் மூன்று, மூன்றரை மெட் அளவில் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த எண் கையில் இருந்தபோதுதான் எனக்குக் கடைக்குள் நுழையத் தைரியம் வந்தது. இந்தப் பரிசோதனைக்கு முன்னால் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள் என்பதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

கடையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். கடைக்காரர் முதலில் காட்டியது ஏர் பைக். முன்னும் பின்னும் ஆடும் கைப்பிடிகளைத் தள்ளி இழுத்துக்கொண்டே மிதிக்க வேண்டும். உட்கார்ந்து நான்கு முறை தள்ளியதுமே தழும்பின் இரு பக்கமும் இழுத்தது. அதில் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பயன்படுத்தலாம் என்றார். ஆடுகிற கம்பி முழங்காலில் இடிக்காமல் அது முடியவில்லை. துடுப்பு இழுப்பது போன்ற ரோயிங் மெஷினும் இதே காரணத்தால் ஆரம்ப மாதங்களுக்கு ஆகாது. நின்றபடி இரு மிதிகளை நீள்வட்டமாகச் சுழற்றும் எலிப்டிகல் மூட்டுக்கு இதமானது என்பது உண்மை. ஆனால் முழு உடம்பும் சேர்ந்து உழைப்பதால், மிகக் குறைந்த அளவிலேயே இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றபடியே ஏறி நின்றபடியே இறங்க வேண்டும், தலை சுற்றினால் உட்கார இடமில்லை.

அடுத்து, முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்தது போல மிதிக்கும் ரெக்கம்பன்ட் சைக்கிள். எனக்கு இதுதான் என்று மனம் உடனே சொல்லிவிட்டது. காலை உயர்த்திக் கம்பியைத் தாண்ட வேண்டாம். நாளம் எடுத்த காலில் இன்னும் வீக்கம் இருந்த எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் முதலில் உட்கார்ந்து பார்த்த சைக்கிளிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. கையை ஊன்றி உந்தி எழுவதைக் குறைக்கும்படி சொல்லியிருந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு தொடையின் பலத்தால் மட்டுமே எழுந்தாக வேண்டும். பக்கத்தில் இருந்த இன்னொன்றின் இருக்கை அதைவிட நான்கு விரற்கடை உயரம். அதில் கையைக் கட்டிக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை வைத்தே ஒருவர் தனக்கேற்ற இருக்கை உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நோயாளியைக் கடைக்கு அழைத்துப் போகாமல் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மிதிப்பதில் உள்ள பளுவை உண்டாக்கும் முறையிலும் வேறுபாடு இருக்கிறது. மலிவானவற்றில் சக்கரத்தின் மேல் ஒரு பட்டை அழுத்தி உரசும். திருகைச் சற்றே முறுக்கினாலும் முதல் மிதி வெட்டி இழுக்கும். காந்தத்தால் பளு தருபவை சக்கரத்தைத் தொடுவதில்லை. சத்தமும் இல்லை, முதல் அளவில் மிதிப்பது காற்றில் மிதிப்பது போல இருக்கும். சக்கரம் கனமாக இருந்தால் மிதி சீராக உருளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வாங்கிய வகைக்கு மின்சாரமே தேவையில்லை. திரைக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். மிதிப்பதை நிறுத்தினால் கருவி நிற்கும், அவ்வளவுதான். 24,000 ரூபாய் ஆயிற்று. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சிறிய பெடல் கருவி இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கருவி நழுவாமல் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தால் ஆரம்ப வாரங்களுக்கு அது போதும். நீளமான கூடம் உள்ள வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து நடந்தாலும் இதயம் அதை ஏற்றுக்கொள்ளும்.

கருவியின் திரையில் தெரியும் எண்களை நான் இப்போது நம்புவதில்லை. ‘அளவு 3’ என்பது ஒரு கருவியில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கிறது. கலோரிக் கணக்கு வெறும் மதிப்பீடு. கைப்பிடியில் பதித்த நாடி உணரி அடிக்கடி தவறுகிறது. தவிர, அதை இறுக்கிப் பிடிப்பதாலேயே அழுத்தம் கூடும். 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சில கருவிகள் தாமாகவே பயன்படுத்துகின்றன. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. மாத்திரை துடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். கருவி இன்னும் வேகமாக மிதி என்று தூண்டிக்கொண்டே இருக்கும். ஓய்வில் 62 இருக்கும் எனக்கு 90ஐத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் வரம்பு கொடுத்திருக்கிறார். மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்கிறேன். துடிப்பு ஒழுங்கற்று வரும் நோய் உள்ளவர்களுக்கு இந்த எண்ணிக்கையும் சரியாக வழிகாட்டாது.

அதனால் நான் பெரிதும் நம்புவது ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோலைத்தான். அது 6இல் தொடங்கி 20இல் முடிகிறது: 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான ஒருவரின் இதயத் துடிப்பை ஏறத்தாழக் காட்டும்படி அமைத்ததால்தான் அந்த விநோதமான தொடக்க எண். பீட்டா பிளாக்கர் சாப்பிடும் எனக்கு அந்தப் பெருக்கல் உதவாது. ஆனால் சிரமத்தின் அளவு உதவுகிறது. 11க்கும் 13க்கும் இடையில் இருக்கச் சொன்னார்கள். அதாவது, மிதித்துக்கொண்டே என் கணவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; பாட முடியாமல் இருக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் பளுவே இல்லாமல், பிறகு பத்து நிமிடம் இரண்டாம் அளவில், கடைசி ஐந்து நிமிடம் மறுபடியும் பளு இல்லாமல் என்று தொடங்கினேன். கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உழைக்கும் காலில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்தம் அங்கேயே தேங்கி, அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். ஒருநாள் தொலைபேசி மணி அடித்ததும் இறங்கி ஓடப் போய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து மிதிக்கும்போது கைபேசியை அடுத்த அறையில் வைப்பதில்லை.

டம்பெல்லும் ரப்பர் பட்டையும் நான்காம் மாதத்தில்தான் கைக்கு வந்தன, அதுவும் அரைக் கிலோவில். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், இறக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக அடங்காது.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எடைக் கருவிகள் உடம்புக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துபவை. அவர்கள் அதைத் தவிர்த்துச் சாதாரண எடைக் கருவியை வாங்க வேண்டும். அந்தச் சாதாரண எடைக் கருவி எனக்கும் தினசரித் தோழி. என் இதயம் சற்றுப் பலவீனமாக இருப்பதால், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் அது நீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் சைக்கிளில் ஏறக் கூடாது. காய்ச்சல் உள்ள நாளும் அப்படியே. மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் நிறுத்தி உட்கார்ந்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். ‘இந்த ஐந்து நிமிடத்தை முடித்துவிடுவோம்’ என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் கொடுக்கக் கூடாது.

டிரெட்மில்லை ஜூலையில் விற்றுவிட்டோம். சைக்கிளை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் கொஞ்சம் விவாதம் நடந்தது. மாடியில் தகரக் கொட்டகை காலியாக இருக்கிறது, அங்கே போட்டால் கூடம் அடைபடாது என்றார் என் கணவர். அங்கே அனல் அடிக்கும், கீழே இருப்பவர்களுக்கு என் குரலும் கேட்காது என்று நான் மறுத்தேன். இப்போது அது கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஜன்னல் ஓரமாக நிற்கிறது. பத்து மாதம் ஆகிறது. பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாகியிருக்கிறது, இரண்டாம் அளவு நான்காகியிருக்கிறது. காலையில் என் கணவர் பால் வாங்கப் போகும் நேரத்தில்தான் நான் ஏறி உட்காருவேன். அவர் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார். நான் உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை.